எழுதியாச்சு

சர்வர் அறையின் கூவல் ஒலிப்பதிவில் விழுகிறது என்று டீச்சர் மூன்றாவது முறையாக வந்து நின்றபோது அவன் தரையில் குந்தி உட்கார்ந்து, இரும்பு அலமாரியின் அடித்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து ஹார்ட் டிஸ்க்குகளிலும் பச்சை விளக்கு எரிந்தது. அவற்றுக்கு மேலே ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. அதுதான் நிமிடத்துக்கு ஒரு தரம் கூவியது.

"தம்பி, இதுக்கு வாயை மூடத் தெரியாதா? அவர் ஒரு வரி படிக்கிறார், பின்னாடியே இது எசப்பாட்டு பாடுது."

"பேட்டரி செத்துப்போச்சு டீச்சர். அதான் ஒப்பாரி வைக்குது."

"சீக்கிரம் அடக்கம் பண்ணிட்டு வாங்க. கண்டக்டர் உள்ள காத்துட்டு இருக்கார்."

அவன் திரையில் ஒரு பொத்தானை அழுத்தினான். கூவல் நின்றது. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அது குரல் சேமிக்கும் இடம். தொண்டையில் நோய் வந்து குரல்வளையை எடுக்க வேண்டியவர்கள், அறுவை சிகிச்சைக்கு முந்தைய பன்னிரண்டு நாட்கள் இங்கே வந்து பேசிவிட்டுப் போவார்கள். பதினொரு நாட்கள் முந்நூறு வாக்கியங்களைப் படிக்க வேண்டும். அவற்றை வைத்து அவர்களுடைய குரலைப் போலவே ஒரு குரலை கம்ப்யூட்டர் கட்டித் தரும். கையடக்கக் கருவியில் எதைத் தட்டினாலும் அந்தக் குரல் அதைப் பேசும். பன்னிரண்டாம் நாள் வேறு. அன்று தாளில் எதுவும் இருக்காது. அவரவர் வீட்டுக்காக, அவரவர் விருப்பம்போல் பேசலாம். அதைக் கம்ப்யூட்டர் தொடுவதில்லை. பேசியது பேசியபடியே துண்டு துண்டாகக் கருவியின் பொத்தான்களில் ஏறிவிடும். அந்த நாளுக்கு டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒலி அளவைச் சரிபார்த்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொள்வார். எந்தப் பள்ளியிலும் அவர் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

அவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆச்சு சார். எதைக் கேட்டாலும் 'ஆச்சு' என்பான். பிரிண்டர் சரியாச்சா என்றால் ஆச்சு. கடிதம் அனுப்பியாச்சா என்றால் ஆச்சு. பொய் என்று அவன் ஒருநாளும் அதை நினைத்ததில்லை. செய்யத்தான் போகிறோம், நடுவில் எதற்குக் கேட்டவரின் மனதில் ஒரு கவலையைத் தொங்கவிட வேண்டும் என்று நினைப்பான். பெரும்பாலும் செய்தும்விடுவான். வீட்டில் அவன் மனைவி, "இவர் ஆச்சுன்னா, ஆகப்போகுதுன்னு அர்த்தம்" என்று மகளிடம் சொல்வாள். அவன் கேஸை மூடியாச்சு என்ற பிறகு ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

கண்டக்டர் முப்பத்தோரு வருடம் பேருந்தில் நின்றவர். நெரிசலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச் சேரும் குரல், இப்போது கரகரத்து, பாதி வாக்கியத்தில் காற்றாகிவிடும். ஆனாலும் அவர் குறும்பை விடவில்லை. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் விரல் கணுவால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவார். வண்டி கிளம்பலாம். தாளிலிருந்த வரிகள் முடிந்தால் ஒரு தட்டு. வண்டி நிற்கட்டும். அந்தத் தட்டுகளும் பதிவாகிவிடுவதால் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி எறிவது டீச்சருக்குக் கூடுதல் வேலை. "இருக்கட்டும், முப்பத்தோரு வருஷ வியாதி. தொண்டைக்கு ஆபரேஷன் பண்றவங்க விரலுக்குமா பண்ணுவாங்க" என்று கண்டக்டர் சிரித்தார்.

அவருடைய மனைவி தினமும் கூட வருவார். மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவரைக் கண்டக்டர் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார். முதன்முதலில் அந்த அம்மாள் அவருடைய பேருந்தில் ஏறிப் படியருகிலேயே நின்றபோது, "மேடம், உள்ள போங்க" என்று இவர் கத்தியதும், அந்த அம்மாள் திரும்பி முறைத்ததும், பிறகு நடந்ததும் அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாகியும் வீட்டில் சமையலறை வாசலில் வழிமறித்து நின்றால் அதே 'மேடம், உள்ள போங்க'தானாம்.

நான்காம் நாள் தொண்டைக்கு ஓய்வு கொடுக்க வெளியே வந்த கண்டக்டர், சர்வர் அறையின் திறந்த கதவில் சாய்ந்து நின்றார்.

"இதுக்குள்ளதான் நான் இருக்கேனா?"

"ஆமாங்க."

"இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

"நூத்திப் பன்னெண்டு பேர்."

"நிக்கவாவது இடம் இருக்குமா?"

அவன் சிரித்தான். பிறகு, யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பில், ஐந்து டிஸ்க்குகளையும் விரலால் தொட்டுக் காட்டினான். எல்லார் குரலும் ஐந்திலும் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது, ஒன்று செத்துவிட்டாலும் மிச்ச நான்கும் சேர்ந்து அதிலிருந்ததை மறுபடி எழுதிவிடும் என்றான்.

"நல்ல குடும்பம்" என்றார் கண்டக்டர். உள்ளே போகுமுன் அலமாரியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

பேட்டரி செத்ததிலிருந்து பதிவு திக்க ஆரம்பித்திருந்தது. டிஸ்க்குகளுக்கு முன்னால் ஒரு கார்டு உண்டு. அதில் கொஞ்சம் நினைவு உண்டு. எழுத வந்ததை அது கையில் வாங்கிக்கொண்டதும் 'எழுதியாச்சு' என்று பதில் சொல்லிவிடும். உண்மையில் அப்போது எழுதியிருக்காது. பிறகு நேரம் பார்த்து டிஸ்க்குகளில் இறக்கிவைக்கும். அதனால்தான் வேகம். நடுவில் மின்சாரம் போனால் கையில் இருப்பது போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தச் சின்ன பேட்டரி. அது செத்ததும் கார்டு தானாகவே யோக்கியனாகிவிட்டது. ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே 'எழுதியாச்சு' என்றது. பக்கத்தில் வேறு நோயாளிகளின் குரலைக் கட்டும் வேலையும் ஓடிக்கொண்டிருந்ததால் நெரிசல். கண்டக்டரின் வாக்கியங்கள் நடுவில் அறுந்து விழுந்தன.

ஏழாம் நாள் டீச்சர் வந்து அவன் எதிரில் உட்கார்ந்தார். வழக்கமான கேலி இல்லை.

"ஒரு வரியை மூணு தடவை சொல்ல வைக்கிறேன் தம்பி. இன்னைக்கு இருமினப்ப கைக்குட்டையில ரத்தம். அவர் மறைச்சிட்டார். நான் பார்த்தேன்."

புது பேட்டரிக்குச் சொல்லியிருந்தான். வரப் பத்து நாளாகும் என்றிருந்தார்கள். கார்டின் அமைப்புகளில் இன்னொரு வழி இருந்தது. பேட்டரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாங்கியதுமே 'எழுதியாச்சு' என்று சொல் என்று கட்டாயப்படுத்தலாம். அந்த வரிக்கு நேராக இருந்த சிறு கட்டத்தைத் தொட்டதும் திரை ஒரு எச்சரிக்கையைக் காட்டியது. மின்சாரம் நின்றால் தகவலை இழக்கக்கூடும், சம்மதமா என்று கேட்டது. அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவசரத்தில் செய்தது என்று பிற்பாடு அவனால் சொல்லிக்கொள்ள முடியாமல் போனதற்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் காரணம். ஒரு பக்கம் ரத்தம் பட்ட கைக்குட்டை. இன்னொரு பக்கம், வரலாம் வராமலிருக்கலாம் என்கிற ஒரு மின்வெட்டு. அதற்கும் மூலையில் யு.பி.எஸ். இருக்கிறது. அதன் பேட்டரியும் செத்துப்போன இந்தப் பேட்டரியும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயது என்பது அப்போது அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. சம்மதம் என்று அழுத்தினான்.

மறுநாள் பதிவு தண்ணீராக ஓடியது.

"என்ன மந்திரம் போட்டீங்க? ஆபத்து ஒண்ணும் இல்லையே?" என்றார் டீச்சர்.

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

பன்னிரண்டாம் நாள் மதியம் கண்டக்டர் சலவை மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தார். மறுநாள் காலை ஏழரைக்கு அறுவை சிகிச்சை. சாயங்காலமே வார்டில் சேர்ந்துவிட வேண்டும். மனைவி பழக்கத்தில் ஒலிப்பதிவு அறை வாசல்வரை கூடவே போனார். அவர் திரும்பி, "மேடம், இன்னைக்கு நீங்க வெளிய" என்றார். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. டீச்சர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சர்வர் அறைக்குப் போகிற வழியில் அவன் ஒருமுறை கண்ணாடி வழியே பார்த்தான். கண்டக்டர் மைக்கைப் பார்க்காமல், தன் இரண்டு கைகளையும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒருமுறை சிரித்தார். எதற்கு என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை.

நாலு மணிக்குமேல் அவர்கள் கிளம்பிப் போனார்கள். டீச்சர் பதிவைச் சேமித்து மூடிய கையோடு மின்சாரம் போனது. இரண்டு நொடிதான். விளக்குகள் கண் சிமிட்டினதுபோல் அணைந்து எரிந்தன. ஆனால் மூலையிலிருந்த யு.பி.எஸ். ஒரே ஒரு 'டக்' சத்தத்தோடு தானும் அணைந்தது. அவன் ஓடினான். ஐந்து டிஸ்க்குகளும் இருளிலிருந்து ஒவ்வொன்றாகச் சுழல ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. சர்வர் எழுந்து, தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, ஏதோ சில கோளாறுகளைச் சரிசெய்ததாக ஒரு வரி காட்டிவிட்டு, வழக்கமான திரைக்கு வந்து நின்றது. எல்லாம் பச்சை. அந்த ஒரு வரியைத் திறந்து, எதைச் சரிசெய்தாய் என்று பார்க்க வேண்டும் என்று நினைத்தான். அதற்குள் போன் அடித்தது. மனைவி. மகளுக்குப் புதுக் கண்ணாடி வாங்கக் கடையில் காத்திருக்கிறார்கள்.

"கிளம்பியாச்சா?"

"ஆச்சு" என்றான், நாற்காலியில் உட்கார்ந்தபடி.

"வண்டி சத்தத்தையே காணோமே."

"சிக்னல்ல நிக்கிறேன்."

சொன்னதை உண்மையாக்க வேண்டிய அவசரத்தில் எழுந்து பையை மாட்டினான். கதவருகே டீச்சர்.

"கரண்ட் போச்சே தம்பி. இன்னைக்குப் பேசினதெல்லாம் பத்திரமா இருக்கா? பார்த்தாச்சா?"

"ஆச்சு டீச்சர்."

வாயிலிருந்து அது எப்போதும்போல் வந்தது. வேறு எத்தனையோ நாட்களில் வந்ததுபோலவே.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பன்னிரண்டாம் நாளின் கோப்பைத் திறக்கப் போனபோது அங்கே கோப்பு இல்லை. முந்தைய பதினொரு நாட்களும் இருந்தன. மற்ற நூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். தினமும் இரவில் வேறிடத்துக்குப் போகும் பிரதியிலும் அது இல்லை. அந்தப் பிரதி எடுக்கப்பட்ட நேரத்தில் இங்கேயே அது இல்லாமலாகியிருந்தது. நேற்றைய அந்த ஒரு வரியை இப்போது திறந்தான். பேச்சு முழுவதும் டிஸ்க்குகளுக்குப் போய்த்தான் இருந்தது. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியலின் கடைசி மாற்றங்கள் மட்டும் கார்டின் கையில் இருந்தன. கார்டு 'எழுதியாச்சு' என்று சொல்லியிருந்தது. மின்சாரம் போனதும் கை காலியானது. விழித்தெழுந்த சர்வர் அந்த இடத்தைக் காலியிடம் என்று நம்பியது. குரல் கட்டும் வேலை இரவு முழுக்க அந்தக் காலியிடத்தின்மேல் எழுதிக்கொண்டே இருந்தது. நேற்றே பார்த்திருந்தால், ஒரு ஒயரைப் பிடுங்கி எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தால், பொறுமையாகத் தோண்டி எடுத்திருக்கலாம். ஐந்து டிஸ்க்குகளில் எதற்கும் ஒரு கீறல்கூட இல்லை. நல்ல குடும்பம்.

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பதே முக்கால். ஏழரைக்கு ஆரம்பித்திருப்பார்கள்.

டீச்சரிடம் சொன்னான். அவர் மேஜையிலிருந்த ஹெட்ஃபோனின் ஒயரை நீவி, மடித்து, மறுபடி நீவிக்கொண்டிருந்தார். ஏசியின் சத்தம் ஒருமுறை நின்று, பிறகு ஆரம்பித்தது.

"நேத்து நான் கேட்டேனே" என்றார் கடைசியில்.

"ம்."

"ஆறு மணிக்கு வார்டுக்குப் போய்ப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். நல்லா பேசிட்டு இருந்தார். பக்கத்துக் கட்டில்காரரைச் சிரிக்க வச்சிட்டு இருந்தார்." ஒயரைக் கீழே வைத்தார். "நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா, அங்கேயே என் செல்லுல எடுத்திருப்பேன் தம்பி."

கேலியும் கோபமும் இல்லாத அந்தத் 'தம்பி' அவன் காதில் நின்றது. அவர் எழுந்து போகும்போது, "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அன்று வீட்டில், மகள் புதுக் கண்ணாடியோடு ஜன்னலில் நின்று எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகையை எழுத்து எழுத்தாகப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். மனைவி தட்டை எடுக்க வந்தவள், "சாப்பிட்டாச்சா?" என்றாள்.

"இல்ல" என்றான்.

அவள் தட்டைப் பார்த்தாள். அதில் எல்லாம் அப்படியே இருந்தது. பிறகு அவனைப் பார்த்தாள். பதினைந்து வருடத்தில் அந்தக் கேள்விக்கு அப்படியொரு பதிலை அவள் கேட்டதில்லை.

அடுத்த நாட்களில் அவன் டிஸ்க்குகளை அடிமட்டம்வரை துழாவினான். பெயரில்லாத பதினேழு துண்டுகள் கிடைத்தன. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டான். மூச்சு. நாற்காலி நகர்வது. வெறும் இரைச்சல். ஒரு வார்த்தையின் பின்பாதி. எந்த வார்த்தை என்று தெரியவில்லை. பதினாறாவது துண்டில் நான்கு நொடி பேச்சு இருந்தது. அதை எத்தனை முறை கேட்டான் என்று அவனுக்கே தெரியாது. புது பேட்டரி வந்தது. அதைப் பொருத்தி, கட்டத்திலிருந்த குறியை எடுத்தான். மஞ்சள் விளக்கு அணைந்தது.

மூன்றாவது வாரம் அவர்கள் வந்தார்கள். கண்டக்டர் இளைத்திருந்தார். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி. கையில் எழுதி அழிக்கும் சிறிய வெள்ளைப் பலகை. அவனைப் பார்த்ததும் சர்வர் அறையின் பக்கம் கையைக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கிறார் என்று புரிந்தது. அவன் தலையை ஆட்டினான்.

டீச்சர் கருவியை மேஜைமேல் வைத்து எப்படித் தட்டுவது என்று காட்டினார். கண்டக்டர் ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினார். கருவி, "மேடம், உள்ள போங்க" என்றது. அது அவருடைய குரல்தான். ஆனால் யாரோ எழுதிக் கொடுத்த அறிவிப்பை அவர் வாசித்ததுபோல் இருந்தது. மனைவி சிரித்தார். சிரித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு கருவியின் வலப்பக்கம் காலியாக இருந்த பொத்தான்களின் வரிசையைப் பார்த்தார்.

"அன்னைக்குத் தனியா பேசினாரே. அது இதுல எது?"

டீச்சர் அவனைப் பார்த்தார்.

"அது இல்லைங்க" என்றான். "போச்சு."

"கரண்ட் போச்சுன்னு வார்டுல யாரோ சொன்னாங்க. அதாலயா?"

வழி அங்கே திறந்து கிடந்தது. அந்த அம்மாளே திறந்து வைத்திருந்தார். அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"கரண்ட் ரெண்டு செகண்டுதான் போச்சுங்க. மிஷின்ல பாதுகாப்புக்கு இருக்கறதை வேகத்துக்காக நான்தான் எடுத்துட்டேன். அதுகூடப் பரவாயில்ல. அன்னைக்குச் சாயங்காலம் டீச்சர் கேட்டாங்க, பத்திரமா இருக்கா, பார்த்தாச்சான்னு. பார்க்காமலே ஆச்சுன்னு சொல்லிட்டேன். பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். இவர் அப்ப வார்டுல பேசிட்டுதான் இருந்தார்."

அந்த அம்மாள் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார், திறக்கவில்லை, மறுபடி இறுக்கினார்.

"என்ன பேசினீங்கன்னு இவரைக் கேட்டுட்டே இருந்தேன்" என்றார் மெதுவாக. "எழுதிக் காட்டுங்கன்னேன். பட்டன்ல வரும், பொறுன்னு எழுதினார்." டீச்சரின் பக்கம் திரும்பினார். "நீங்க கேட்டிருப்பீங்கல்ல?"

"நான் ஹெட்ஃபோனைக் கழட்டி வச்சிடுவேன்மா. அது எனக்குச் சொல்றது இல்லையே."

கண்டக்டர் பலகையை எடுத்தார். பேனாவைத் திறந்து நான்கைந்து சொற்கள் எழுதினார். எழுதியதைத் தானே படித்துப் பார்த்துவிட்டு, யாருக்கும் காட்டாமல் உள்ளங்கையால் துடைத்தார். உள்ளங்கையில் கறுப்பு அப்பிக்கொண்டது. மறுபடி பேனாவை வைத்தார். ஒரு புள்ளி விழுந்தது. அதோடு பேனாவை மூடிவிட்டார்.

"ஒரு துண்டு மட்டும் கிடைச்சுது" என்றான் அவன். "நாலு செகண்ட். அதுல ஒண்ணும் இல்லைங்க. ஆனா அன்னைக்குப் பேசினதுதான்."

யாரும் வேண்டுமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவன் கருவியில் முதல் காலிப் பொத்தானைத் தொட்டான். முந்தின நாளே, பெயர் போடாமல், அதில் ஏற்றி வைத்திருந்தான்.

நாற்காலி கிறீச்சிட்டது. நீண்ட ஒரு மூச்சு, எதையோ இறக்கி வைத்தவரின் மூச்சு. பிறகு கரகரத்த, கொஞ்சம் சிரிப்பு ஒட்டியிருந்த அந்தக் குரல் கேட்டது.

"ஆச்சா, டீச்சர்?"

அவ்வளவுதான். அந்த அம்மாள் கருவியைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. சுவரில் ஏதோ ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடுங்க" என்றார். அவன் போட்டான். ஆச்சா, டீச்சர். "இன்னொரு தடவை." மூன்றாவது முறை முடிந்தபோது கண்டக்டரின் வலது கை மேஜைமேல் எழுந்தது. விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார்.

கை அங்கேயே, மரத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. அவன் அந்தக் கணுவைப் பார்த்துக்கொண்டு, இரண்டாவது தட்டு வருமா என்று காத்திருந்தான்.